வாலுவின் முதுகு

ஆறு மாதமாக அந்த வீட்டில் வாலுவின் முதுகைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நடுவில் ஒருமுறை அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். அண்ணி அறைக்குள் வந்து, "முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் நெகிழ்ந்துபோய், "பரவால்லம்மா, கொஞ்சம் தேவலை" என்றார். கேள்வி அவருக்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தங்கைக்கு. முதுகும் அவருடையது இல்லை, கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த நாயுடையது. அதற்கப்புறம் அவர் அந்த வீட்டில் எதற்கும் நெகிழ்வதை நிறுத்திவிட்டார்.

வாலு பாயிண்டர் ஜாதிப் பெட்டை நாய். வெள்ளை உடம்பில் காப்பிப்பொடி நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். மற்ற வகை நாய்களுக்கு உடம்பில் ஏதாவது குறை இருந்தால் சீப்பும் கத்தரிக்கோலும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். பாயிண்டரின் முடி ஒட்ட வெட்டியதுபோல் குட்டையானது. அதில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. தோளிலிருந்து வால் வரை முதுகு பலகைபோல் போக வேண்டும், பள்ளமும் கூடாது, மேடும் கூடாது. வீட்டுக்குள் திரியும்போது வாலுவின் முதுகில் தண்ணீர் டம்ளரை வைத்து நடக்கவிடலாம். ஆனால் நாய்க் கண்காட்சி ஷோவில் மாட்டும் கயிற்றைக் கழுத்தில் போட்டு, "நில்லு" என்று நிறுத்தினால் போதும், நடுமுதுகு மெல்ல மேலே எழும்பிக் கூன் விழுந்துவிடும்.

அந்த வீட்டில் வேலைப் பிரிவினை தெளிவானது. எந்த நாயை எந்த நாயோடு சேர்ப்பது, எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை விற்பது எல்லாம் அண்ணி. ஷோவில் வேலி கட்டிய ரிங்குக்குள் நாயின் கயிறு பிடித்து ஓடுவது அவள் நாத்தனார், அண்ணனின் தங்கை. பகலில் அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வாரம் முழுக்க மனிதர்களின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜட்ஜ் பார்ப்பதற்காக நாயின் வாயைத் திறந்து காட்டுவாள். நாய்கள் சொன்னதும் திறக்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்வாள். "நாத்தனாரே, நாத்தனாரே" என்று அண்ணி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஷோ மைதானத்தில் எல்லோருக்குமே அவள் நாத்தனார் ஆகிவிட்டாள். அவளைவிட வெகு மூத்தவர், அவர்களோடு போட்டிக்கு நாய் கொண்டுவரும் கோட்டுக்காரர்கூட "நாத்தனாரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

வாலுவின் அம்மா பெயர் சீமாட்டி. அவளுக்கு முதுகில் லேசான பள்ளம் உண்டு. அப்படியிருந்தும் சாம்பியன் பட்டம் வாங்கியது நாத்தனாரின் சாமர்த்தியம் என்று ஊர் பேசிக்கொண்டது. அந்தப் பள்ளத்தைக் குட்டியில் நிரப்புவதற்காக அண்ணி வருஷக்கணக்கில் மாப்பிள்ளை தேடினாள். வந்த ஜாதகங்களை எல்லாம் தட்டிக்கழித்து, கடைசியில் இரும்புக் கம்பிபோல முதுகு உள்ள ஒருவனை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து சேர்த்து வைத்தாள். பிறந்த குட்டிகளில் வாலுவைத் தூக்கிப் பார்த்த அன்றே, "இதுதான். இதுக்காகத்தான் இத்தனை வருஷம்" என்றாள். அண்ணி அழுது நாத்தனார் பார்த்த ஒரே நாள் அது.

அந்த வாலுவுக்குத்தான் இப்படி. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு முதுகு எனக்கு இருந்தா நல்லாருக்கும்" என்று பெருமூச்சு விட்டார். எலும்பில் கோளாறு இல்லை. அப்படியானால் மனதில் என்றார்கள். போன ஷோக்களில் ஜட்ஜுகள் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஓடும்போது பிரமாதம், நிற்கும்போது பயந்து சுருங்குகிறது. கயிறு மாட்டினாலே பயம் என்று அண்ணியும் முடிவுக்கு வந்துவிட்டாள். வீட்டு முற்றத்தில் நாத்தனார் பயிற்சி கொடுக்கும்போது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அங்கேயும் கூன்தான்.

"பள்ளத்தைக்கூட மன்னிச்சுடுவேன். பயந்த நாய்ல குட்டி எடுக்க மாட்டேன்" என்றாள் அண்ணி. "பயம் ரத்தத்துல இறங்கும். நாளைக்கு எவன் வீட்டுப் பிள்ளையையாவது பயத்துல கடிச்சா யார் பதில் சொல்றது?"

அதில் தப்புச் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் அவர் மனைவியும் சாதுவான நாயாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் தெருத்தெருவாக நாய் துரத்தி ஓடியவர். இந்த வயதில் தன்னைப் பார்த்துப் பயப்படுகிற நாய் ஒன்றாவது இருக்கட்டும் என்பது அவர் ஆசை. அண்ணி வாலுவைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஷோ, காலையில் ஒரு சங்கம், மதியத்துக்கு மேல் இன்னொரு சங்கம். காலை ஷோவிலும் கூன் விழுந்தால் சாயந்திரம் அங்கேயே வாலுவை ஒப்படைத்துவிடுவது என்று பேச்சு.

நாத்தனாருக்கு அதில் இஷ்டம் இல்லை. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாலு வாசலில் அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். கடிக்காது, கிழிக்காது. பத்திரமாக வைத்திருந்து ஒப்படைப்பதற்காகக் காத்திருக்கும். அதை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே விடும். நாளையிலிருந்து செருப்பைத் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

காலை ஷோவில் ஒரு நெட்டை ஜட்ஜ். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். வாலு ஓடியபோது அவர் முகம் மலர்ந்ததை நாத்தனார் பார்த்தாள். ஓடி முடித்து வரிசையில் நிறுத்தினாள். தலையை வலது கையால் தூக்கிப் பிடித்து, இடது கையால் பின்னங்கால்களைச் சரிசெய்து, நாய்க்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஜட்ஜ் திரும்பினார். கண்ணெதிரே முதுகு எழும்பியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல நாய்தாம்மா. ஆனா பயப்படுது, பாவம்" என்றார். கடைசி இடம்.

வெளியே வந்தபோது அண்ணி திட்டவில்லை. வெளுத்து வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நாத்தனாருக்கு. அண்ணி வாலுவின் கழுத்திலிருந்து ஷோ கயிற்றைக் கழற்றிச் சுருட்டினாள்.

"அவங்க சாயந்திரம் வருவாங்க. அதுக்குள்ள குளிப்பாட்டிடலாம்."

"மதியம் ஷோவுக்கும் பேர் குடுத்திருக்கோமே அண்ணி."

"எதுக்கு? இன்னொரு வாயால அதையே கேக்கவா?"

வேனுக்குள் படுத்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார். அண்ணி சுருட்டிய கயிற்றை வேனுக்குள் வீசினாள். அவர் அதிலேயே பதிலைத் தெரிந்துகொண்டு மறுபடி குறட்டை விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் ஓடி வந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். வியர்வை காலர் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு பாயிண்டர்களும் தத்தம் பிரிவில் ஜெயித்துவிட்டன. இப்போது கடைசிச் சுற்றில் இரண்டும் ஒன்றாக ரிங்குக்குள் போக வேண்டும். அவருக்கு இருப்பதோ ஒரு உடம்பு.

"நாத்தனாரம்மா, பெரியவனைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நின்னா போதும். அவன் தானா நிப்பான்."

போட்டியாளரின் நாயைப் பிடித்துக்கொடுப்பது அந்த உலகத்தில் சகஜம். இன்று நீ என் நாயைப் பிடி, நாளைக்கு நான் உன் நாயைப் பிடிக்கிறேன். நாத்தனாருக்கு மனசே சரியில்லை, ஆனாலும் போனாள். பெரியவன் பேர் எடுத்த நாய். முதுகைப் பார்த்தால் கோடு போட்டதுபோல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம். அவளும் ஏறக்குறைய அப்படித்தான் நிறுத்தினாள். மனசு முழுக்க வாலுதான். ஜட்ஜ் வரிசையில் அவர்கள் பக்கம் திரும்பினார்.

பெரியவனின் முதுகு மெல்ல மேலே எழும்பியது.

"கையை எடுங்க" என்று முன்னால் நின்ற கோட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஜட்ஜுக்குக் கேட்கக்கூடாது என்பதால் உதடு அசையாமல் சொன்னார். "நாத்தனாரம்மா, கையை எடுங்க. ஏன் அவன் வயித்துல கிச்சுக்கிச்சு மூட்டுறீங்க?"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கையின் இரண்டு விரல்கள் நாயின் வயிற்றுக்கடியில், தொடைக்குச் சற்று முன்னால், ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் வைக்கவில்லை. வைத்ததாக அவளுக்குத் தெரியவே தெரியாது. நெருப்பில் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். பெரியவனின் முதுகு இறங்கி, மறுபடி கோடாயிற்று.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரிங்கில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை. கயிற்றைக் கோட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, வேனுக்குப் பின்னால் வாலு கட்டியிருந்த இடத்துக்கு ஓடினாள். வாலு சும்மா நின்று ஈயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு பலகை. நாத்தனார் மண்டியிட்டு அதே இடத்தில் இரண்டு விரலை வைத்தாள். வயிறு உள்ளே சுருங்கியது, முதுகு எழும்பியது, கூன். விரலை எடுத்தாள். பலகை.

சீமாட்டிக்காகப் பழகிய விரல்கள் அவை. பள்ளமான முதுகுள்ள நாய்க்கு வயிற்றுக்கடியில் லேசாகத் தொட்டால், அது வயிற்றை எக்கும். எக்கினால் முதுகு உயரும், பள்ளம் நிரம்பி நேராகத் தெரியும். நாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தொடுவதால் ஜட்ஜுக்கும் தெரியாது, வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் ஷோ ஷோவாக அதைச் செய்து செய்து, விரல்கள் இப்போது அவளைக் கேட்காமலேயே வேலைக்குப் போய்விடுகின்றன. பள்ளமே இல்லாத முதுகில் அந்த விரல் பட்டால் முதுகு எங்கே போகும்? மேலேதான் போகும். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

அண்ணி நாய்களைச் சீவிவிடும் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஷாம்பு கலந்துகொண்டிருந்தாள். நாத்தனார் வாலுவைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினாள்.

"அண்ணி, வாலுவுக்குப் பயம் இல்ல."

"மறுபடி ஆரம்பிக்காத."

"பாருங்க." விரலை வைத்தாள். கூன். எடுத்தாள். பலகை. வைத்தாள். எடுத்தாள். லைட் சுவிட்ச் போடுவதுபோல முதுகு ஏறி இறங்கியது. வாலு இதை விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது.

அண்ணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். சுற்றி வந்து, தானே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த நாய்க்கூண்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வித்தையை உனக்குச் சொல்லிக்குடுத்த புண்ணியவதி யாரு?" என்று கேட்டாள்.

"நீங்கதான் அண்ணி."

"தெரியும். வேற யாராவது இருக்கக் கூடாதான்னு ஒரு நப்பாசை."

அண்ணியின் முகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. எத்தனை வருஷம் தேடி, எத்தனை குட்டிகளைக் கழித்து, ஒரு நேர் முதுகைக் கொண்டுவந்து சேர்த்தாள். கொண்டுவந்ததை அவர்களே கையால் தூக்கித் தூக்கிக் கூனாக்கியிருக்கிறார்கள்.

"அப்ப குடுக்க வேணாம் இல்ல அண்ணி?"

"அப்படிச் சட்டுனு சொல்ல முடியுமா?" அண்ணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மேசை மேல சரி. ரிங்குக்குள்ளயும் பயமில்லைன்னு யாரு கண்டா? இத்தனை ஜட்ஜுங்க சொல்லியாச்சு. தபால்காரர்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. இப்பப் போயி, நாய் நல்லாருக்கு, தர மாட்டேன்னு சொன்னா, குடுக்க மனசில்லாம கதை கட்டுறேன்னுதான் நினைப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

"மதியம் ஷோவுல நிறுத்திக் காட்டுறேன். அவங்களும் பாக்கட்டும், நீங்களும் பாருங்க. நின்னா நம்ம வீடு. கூன் விழுந்தா நானே கயிறை அவங்க கையில குடுக்கறேன்."

"நீ நிறுத்துவே. உன் விரல் நிக்குமா?"

நியாயமான கேள்வி. அங்கேயே பரீட்சை நடந்தது. நாத்தனார் வாலுவைத் தரையில் நிறுத்தினாள். அண்ணி ஜட்ஜ் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து திரும்பினாள். திரும்பிய அதே நொடி விரல்கள் வயிற்றுக்கடியில். மறுபடி செய்தார்கள், மறுபடி அதேதான். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பார்த்தார்கள். நாய்க்காக அங்கே வைத்திருந்த ஈரல் துண்டை எடுத்துக் கொடுப்பதுபோல் வெளியே வந்து வயிற்றைத் தொட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்த்தது. பழகின திருடன்கூட இவ்வளவு நைசாக வேலை பார்க்க மாட்டான்.

"இதைக் கட்டித்தான் போடணும்" என்றாள் அண்ணி.

சும்மா சொன்னதுதான். சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி நாய் துவட்டும் நீளத் துண்டை எடுத்தாள். நாத்தனாரின் இடது கையை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து, கை ஒடிந்தவர்களுக்குக் கட்டுவதுபோலக் கழுத்தைச் சுற்றி ஒரு கட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு கட்டு. முடிச்சை இழுத்து இறுக்கும்போது ஆறு மாத ஆத்திரத்தையும் சேர்த்து இறுக்கினாள்.

"அண்ணி, மூச்சு விடணும் நான்."

"அப்புறமா விட்டுக்கலாம்."

தபால்காரரும் மனைவியும் சாயந்திரம் வரை பொறுக்காமல் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்த அம்மா கையில் புதுக் கழுத்துப் பட்டை ஒன்றை வைத்திருந்தாள். தபால்காரர் வழியில் கட்டியிருந்த நாய்களை எல்லாம் தள்ளித் தள்ளி நடந்து வந்து, ரிங் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணி அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இருந்தது இருந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தபால்காரர் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு பிடியும் கொடுக்கவில்லை. அவர் மனைவி மட்டும் கழுத்துப் பட்டையைப் பைக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் ஜட்ஜ் ஒரு அம்மா. குள்ளமான உருவம், பெரிய வைக்கோல் தொப்பி. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நாத்தனாரின் கட்டைப் பார்த்து நின்றாள்.

"கைக்கு என்னம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் கட்டு?"

அடிபட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மறைத்தது போதும் என்று நாத்தனாருக்குத் தோன்றிவிட்டது. "சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. நாய் வயித்தைத் தொட்டுக்கிட்டே இருக்கு. இதோட அம்மாவுக்குப் பழகின கை. அதான் கட்டிப்போட்டுட்டோம்."

வேலிக்கு வெளியே அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொப்பிக்கார அம்மா நாத்தனாரையும் வாலுவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் முன்னாடி கயிறு புடிச்சவதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. "ம், ஓட்டு பார்க்கலாம்."

கயிறு இடது கையில் பிடிப்பதுதான் பழக்கம். வலது கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடியதில் நாத்தனாரின் ஓட்டம் கோணல்மாணலாக இருந்தது. வாலு அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன்பாட்டுக்குத் தண்ணீர் போவதுபோல் போனது. ஓட்டம் எப்போதும் சரிதான். நிற்பதில்தான் இருக்கிறது விஷயம்.

"நிறுத்தும்மா."

"நில்லு" என்றாள் நாத்தனார்.

வாலு நின்றது. நாத்தனார் பக்கத்தில் மண்டியிட்டாள், பின்னங்கால்களைச் சரிசெய்ய இடது கை இல்லை. ஜட்ஜ் திரும்பினாள். துண்டுக்குள் இரண்டு விரல்கள் துடித்ததை நாத்தனார் உணர்ந்தாள். அதைவிடக் கொடுமை, விரலே வராமல் வாலு தானாகவே வயிற்றை எக்கத் தொடங்கியது. ஜட்ஜ் திரும்பினால் விரல் வரும் என்று அதுவும் பாடம் படித்து வைத்திருந்தது. முதுகு லேசாக எழும்பியது. வாலு கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றுப் பக்கம் பார்த்தது. எங்கே அந்த விரல் என்று கேட்பதுபோல் நாத்தனாரைப் பார்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் இது விரலை எதிர்பார்க்கும் என்று நாத்தனாருக்குத் தோன்றியது. எழுந்தாள். கயிற்றைத் தளர்த்தினாள். இத்தனை வருஷத்தில் எந்த நாயையும் அவள் அப்படி விட்டதில்லை. கயிறு முழு நீளத்துக்கும் தள்ளிப்போய் வாலுவுக்கு எதிரே நின்று, விரல் நுனியில் ஒரு ஈரல் துண்டைக் காட்டினாள். அவளுக்கும் நாய்க்கும் நடுவில் இப்போது எதுவும் இல்லை. வேலிக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

வாலு ஈரலைப் பார்த்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தது. பின்னங்கால்கள் தாமாகப் போய் அவற்றின் இடத்தில் ஊன்றின. கழுத்து நீண்டது, வால் நீண்டது, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. எக்கியிருந்த வயிறு இறங்கியது. முதுகும் இறங்கியது. இறங்கி, தோளிலிருந்து வால் வரை ஒரே கோடாக நின்றுவிட்டது.

நாத்தனாருக்குக் கண் கலங்கியது. துடைக்க ஒரு கையில் ஈரலும் கயிறும், மற்ற கை சிறையில். அப்படியே வழியவிட்டாள்.

தொப்பிக்கார அம்மா வந்து முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வாலு அசையவில்லை. பல்லைப் பார்த்தாள், தோளைத் தொட்டாள், முன்னங்கால் பாதத்தைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்ததில் வைக்கோல் தொப்பி தலையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வாலு ஈரலை மறந்தது. மெதுவாகத் தலையைத் தாழ்த்தி, தொப்பியின் விளிம்பைப் பல் படாமல் கவ்வி எடுத்து, ஜட்ஜின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

நாத்தனாருக்கு உயிரே போய்விட்டது. ஜட்ஜின் தொப்பியைக் கவ்விய நாயை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த அம்மா தொப்பியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பல்லடையாளம்கூட இல்லை. தலையில் வைத்துக்கொண்டாள். "இதுவா பயந்த நாய்?" என்றாள். நாத்தனார் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. முந்தைய ஷோக்களின் பேச்சு ஜட்ஜ் காதுவரை போயிருக்கிறது போலும். "இதுக்கு என்கிட்டக்கூடப் பயமில்லை. முதுகு யாரோட வேலை?"

"எங்க அண்ணி வேலைங்க."

"நல்ல வேலை. நீ கெடுக்காம இருந்தா சரி." சொல்லிவிட்டு, முதல் இடத்துப் பலகையைக் காட்டி அங்கே போய் நிற்கச் சொன்னாள்.

கோட்டுக்காரரின் சின்ன நாய்க்கு இரண்டாவது இடம். அவர் கை கொடுக்க வந்து, எந்தக் கையைக் குலுக்குவது என்று தடுமாறினார். "கையைக் கட்டிக்கிட்டு வந்து என்னைத் தோக்கடிச்சுட்டீங்க நாத்தனாரம்மா. கையை அவுத்துட்டு வந்திருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்?"

"ஜெயிச்சிருப்பீங்க" என்றாள் நாத்தனார். அவர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி நாற்காலியிலிருந்து எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தபால்காரர் பக்கம் திரும்பினாள். தபால்காரரே ஆரம்பித்தார்.

"ஏம்மா, பயந்த நாய்னு சொல்லித்தானே வரச் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"ஜட்ஜம்மா தொப்பியவே புடுங்கி வெச்சுக்குது. என் தபால் பையெல்லாம் எம்மாத்திரம்? இது எனக்கு அடங்காதும்மா. நீங்களே வெச்சுக்கங்க."

"புடுங்கல, எடுத்துக் குடுத்துச்சு" என்று அவர் மனைவி திருத்தினாள். மடியிலிருந்த கழுத்துப் பட்டையை ஏக்கமாகத் தடவினாள்.

அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ குட்டி போடுவா. முதல் குட்டி உங்களுக்கு. நீங்க வந்து பாத்து எடுத்துக்கற வரைக்கும் வேற யாரும் தொடக்கூட மாட்டாங்க. அந்தப் பட்டையை அதுக்கு வெச்சிருங்க."

தபால்காரர் யோசித்தார். "குட்டின்னா பரவால்ல" என்றார். "அது வளரறதுக்குள்ள நானும் கொஞ்சம் தைரியமாயிடுவேன்."

பரிசு ரிப்பனோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். படத்தில் ஒடிந்த கை மாதிரி விழ வேண்டாம் என்று போட்டோக்காரர் சொன்னதால் அண்ணி கட்டை அவிழ்த்தாள். மரத்திருந்த நாத்தனாரின் கையில் மறுபடி ரத்தம் ஓடியது. சந்தடி கேட்டு எழுந்துவந்த அண்ணன், "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார். "முதுகு எப்படி இருக்கு?" என்று அண்ணி அவரைக் கேட்டாள். அவர் உஷாராக நாயைப் பார்த்து, "நேரா இருக்கு" என்றார். "உங்களைத்தான் கேட்டேங்க" என்றாள் அண்ணி. அவர் வேனைப் பார்க்க நடந்துவிட்டார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"நாய் நேரா நிக்கட்டும். ரெடி" என்றார் போட்டோக்காரர்.

வாலு நின்றது. விடுதலையான இடது கை யாரையும் கேட்காமல் புறப்பட்டது. பாதி வழியில் அண்ணி அதைப் பிடித்துவிட்டாள். விரலோடு விரல் கோத்து, தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் போட்டோ இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பலகை முதுகோடு ஒரு நாய், அதன் பின்னால் கைகோத்து நிற்கும் அண்ணியும் நாத்தனாரும். எவ்வளவு ஒற்றுமை என்று வருகிறவர்கள் எல்லாம் வியந்துவிட்டுப் போகிறார்கள். அது ஒற்றுமை இல்லை, காவல் என்று அண்ணி அவர்களைத் திருத்துவாள். ஆனால் படம் எடுத்து முடித்து, போட்டோக்காரர் போய், வாலு வேனில் ஏறித் தூங்கிய பிறகும், வீடு வந்து சேரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.